வரிசையில் முதல் வீடு

கம்மனஹள்ளி, பெங்களூரு
12 ஜூன் 2025

வாசுவுக்கு,

உறுதியாகத் தெரிந்ததிலிருந்து தொடங்குகிறேன். தொலைத்தொடர்புத் துறையின் பெங்களூரு அலுவலகம் உனக்கு லைன் தரும் மேல்கம்பெனிக்கு ஜூன் 9 தேதியிட்ட நோட்டீஸ் ஒன்றை அனுப்பியிருக்கிறது. ஆதாரம், நேற்று மாலை என் கைக்கு வந்த அதன் நகல். கோலார் தங்கவயலில் அறுநூற்று நாற்பது வீடுகளுக்கு இணைய இணைப்பு தரும் கிளை, ஒரு சினிமா ஆப்பை மட்டும் வேகமாக விட்டு மற்ற எல்லாவற்றையும் பின்னால் நிறுத்துகிறதா என்று முப்பது நாளில் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். கிளை என்று அதில் இருப்பது நீ. புகார்தாரர் என்று இருப்பது நான்.

இதை நானே சொல்ல வேண்டும் என்று நான்கு முறை போன் செய்தேன். நான்கு முறையும் ஒரே மணியில் துண்டிக்கப்பட்டது. ஆகவே தபால்.

நடந்ததைச் சொல்கிறேன். ஈஸ்டருக்கு ஊருக்கு வந்தபோது சாம்பியன் ரீஃப் பகுதியில் என் சித்தப்பா பேத்தி ரெபேக்கா வீட்டில் மூன்று நாள் தங்கினேன். அவள் நர்ஸ். வெளிநாட்டு வேலைக்கான தேர்வுக்குப் படிக்கிறாள். வகுப்பு தினமும் மாலை ஏழரைக்கு, கம்ப்யூட்டரில். மூன்று நாளும் ஆசிரியரின் முகம் பாதி வாய் திறந்தபடி நின்றுவிட்டது. அதே நேரத்தில், அதே வீட்டில், அதே இணைப்பில், அந்த சினிமா ஆப்பில் படம் ஒரு சொட்டு தடங்கல் இல்லாமல் ஓடியது. இரண்டின் வேகத்தையும் ஏழு நாற்பதுக்கும் எட்டேகாலுக்கும் அளந்து குறித்துக்கொண்டேன். மூன்று நாளில் ஆறு ஜோடி அளவுகள். ஆறும் ஒரே கதையைச் சொன்னன.

சட்டம் உனக்குத் தெரியாததல்ல. எந்தத் தளத்தைப் பார்க்கிறோம் என்பதை வைத்து வேறு வேறு கட்டணம் வாங்கக் கூடாது என்று 2016இல் வந்தது. எதையும் முன்னே விடவோ பின்னே தள்ளவோ கூடாது என்பது 2018இல் உரிம நிபந்தனையிலேயே சேர்ந்தது.

நந்திதுர்க் பஸ் ஸ்டாப்பை ஒட்டி, மூடிக் கிடந்த சைக்கிள் கடையில் நாம் இருவரும் பிரவுசிங் சென்டர் திறந்தது 2000 ஆகஸ்டில். மூன்று கம்ப்யூட்டர், ஒரு டெலிபோன் லைன். சுவரில் பெயிண்டால் எழுதியது நான், எழுதச் சொன்னது நீ: "வந்த வரிசைப்படி. ஆளுக்கு அரைமணி. யாராக இருந்தாலும்." மறு பிப்ரவரியில், மைன்ஸை மூடிய அந்த வாரம், ஒரு பெரிய ஆபீசர் அவசரமாக மெயில் அனுப்ப வந்தார். நீ பெஞ்சைக் காட்டினாய். சுரங்கத்தில் மரமுட்டு வைக்கும் இரண்டு டிம்பர்மேன்களுக்கு நடுவில் நாற்பது நிமிஷம் உட்கார்ந்திருந்தார் மனிதர்.

மரியகுழந்தை அம்மாவை நினைத்துக்கொள்கிறேன். குவைத்திலிருந்து மகன் போட்டோ அனுப்பியிருந்தான். அது மேலிருந்து கீழாகக் கோடு கோடாக இறங்கியது. முதலில் முடி வந்தது, பிறகு நெற்றி. புருவத் தழும்பு வந்ததும் அந்த அம்மா, "அவன்தான்" என்றார். முழு முகம் வரப் பதினோரு நிமிஷம். காத்திருந்தவர்கள் எல்லோரும் எழுந்துவந்து பின்னால் நின்று பார்த்தார்கள். வேகமாக வரவில்லை என்று அன்று ஒருவரும் குறை சொல்லவில்லை. எல்லோருக்கும் அதே வேகம்தான்.

அந்த வாசு எங்கே என்று கேட்கத்தான் எழுதினேன்.

மாணிக்கராஜ்

*

ராபர்ட்சன்பேட்டை
கோலார் தங்கவயல்
20 ஜூன் 2025

மாணிக்கம்,

நோட்டீஸில் உன் பேரைப் பார்த்ததும் உன் நம்பரைப் பிளாக் செய்தது உண்மை. தபால்காரரை என்னால் பிளாக் செய்ய முடியவில்லை. அதனால் உன் கடிதத்தைப் படித்தேன்.

ஈஸ்டருக்கு மறுநாள் என் வீட்டில் பிரியாணி சாப்பிட்டாய். இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாய். உன் பையில் அந்த ஆறு அளவுகளும் அப்போதே இருந்திருக்கின்றன. முப்பத்தொரு வருஷம் பேப்பரில் எழுதினவன் நீ. எதிர்த் தரப்பைக் கேட்காமல் ஒரு வரி அச்சில் போகக் கூடாது என்று டீக்கடையில் எங்களுக்கெல்லாம் பாடம் எடுத்தவன். என் தரப்பை எங்கே கேட்டாய்?

இப்போது கேட்டுக்கொள். சாயங்காலம் ஏழிலிருந்து பத்து வரைக்கும் மேல்கம்பெனி தரும் லைன் ஊருக்குப் பற்றாது. போன வருஷம் சினிமா ஆப்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். படங்களை இங்கேயே வைத்துக்கொள்ள ஒரு பெட்டி தந்தார்கள், ஏசி மாட்டிக்கொடுத்தார்கள். எங்கள் ஆப்பை மட்டும் முன்னால் விடுங்கள் என்றார்கள். விட்டேன். தப்பு இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று: அதிகம் ஓடும் ஆப்கள் லைனுக்குப் பங்கு தரட்டும் என்று பெரிய பெரிய டெலிபோன் கம்பெனிகள் டெல்லியில் வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருக்கின்றன. அவர்கள் கேட்டால் அதற்குக் கொள்கை என்று பேர். நான் செய்தால் நோட்டீஸ்.

மரியகுழந்தை அம்மா கதையையும் பாதிதான் எழுதியிருக்கிறாய். அந்த அம்மா அன்று வரிசையில் காத்திருக்கவே இல்லை. அழுதுகொண்டு வந்தார். "இந்தம்மாவ மொதல்ல வுடுங்கபா" என்று சொன்னது நீ. சுவரில் எழுதினவனே அதை மீறினாய், நான் சரி என்றேன். ஏனென்றால் என் அப்பா நந்திதுர்க் ஷாஃப்டில் பேங்க்ஸ்மன். ஆட்கள் போகும் கேஜ் கூண்டை மேலே ஏற்றுவதும் கீழே இறக்குவதும் அவர் கை. காயம்பட்டவனுக்கான மணி கீழே எந்த லெவலில் அடித்தாலும் மற்ற எல்லாம் நிற்கும். ஏறத் தயாராக ஷூ மாட்டி நிற்கும் ஆபீசரும் நிற்பார். அதைப் பார்த்து வளர்ந்தவன் நான்.

லைனிலும் அதைத்தான் செய்தேன். கொரோனா வருஷத்தில் ஒரு வீட்டை முன்னால் விட்டேன். மைன்ஸில் கல்தூசி மூச்சில் போன தூசி நுரையீரல்காரர். வேலூர் டாக்டரிடம் வியாழக்கிழமை தோறும் சாயங்காலம் ஏழு மணிக்கு வீடியோவில் பேசுகிறவர். அப்புறம் பரீட்சை எழுதும் பிள்ளை, சர்ச் ஆராதனை, கவுன்சிலர் வீடு என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. சினிமா பெட்டி வந்தது அதற்கெல்லாம் பின்னால். நோட்டீஸ் வந்ததும், ஆப் ஆனாலும் வீடு ஆனாலும் எல்லா முன்னுரிமையையும் எடு என்றது மேல்கம்பெனி. 14ஆம் தேதி எடுத்துவிட்டேன்.

நேற்று வியாழக்கிழமை. ஏழு மணிக்கு அந்த வீட்டில் டாக்டர் முகம் நின்றுபோனது. நான்கு தடவை போட்டுப் பார்த்துவிட்டு எனக்குப் போன் வந்தது. "இன்னா வாசு, லைன்ல இன்னா ஆச்சு? மாமாவுக்கு மூச்சு எவ்ளோன்னு டாக்டர் கேக்கறாரு, நான் சொல்றது அவருக்குக் கேக்கல." வேலை நடக்கிறது அக்கா என்று பொய் சொன்னேன்.

அந்த முதல் வீடு இங்கே தங்கவயல் பாலகாட்டில் இருக்கிறது. கிளமெண்ட் மாமா வீடு. உன் அக்கா ஃப்ளோரா வீடு.

வாசு

*

கம்மனஹள்ளி
26 ஜூன் 2025

வாசு,

உன் கடிதம் 23ஆம் தேதி வந்தது. அன்றே அக்காவிடம் பேசினேன். ஐந்து வருஷமாக வியாழக்கிழமை மட்டும் லைன் எப்படி அவ்வளவு சுத்தமாக வந்தது என்று அவளிடம் கேட்டேன். "வாசு போட்ட லைன் நல்லா வரும்னு தெரியும். ஏன் வருதுன்னு நான் எதுக்குக் கேக்கணும்?" என்றாள். புகார் கொடுத்தது நான் என்பதை அவளிடம் சொல்லவில்லை. இன்று வியாழன். மாலை ஏழேகாலுக்குப் போன் செய்தேன். மாமா இருமிக்கொண்டிருந்தார். டாக்டர் முகம் வரவில்லை. குரல் மட்டும் மூன்று நிமிஷம் வந்ததாம்.

உன்னைக் கேட்காமல் புகார் கொடுத்தது தவறு. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். கேட்டிருந்தால் நீ ஏதாவது சொல்லியிருப்பாய், நான் அதை நம்பியிருப்பேன், புகார் போயிருக்காது. வேலையில் இருந்த காலத்தில் யாரையும் கேட்க நான் பயந்ததில்லை. உன்னைக் கேட்கப் பயந்தேன்.

மரியகுழந்தை அம்மா விஷயத்தில் உன் ஞாபகம்தான் சரி. அவரை முன்னால் விடச் சொன்னது நானே. ஆனால் ஒரு சின்னத் திருத்தம். உள்ளே பெஞ்சில் ஏழு பேர் இருந்தார்கள். "விடலாமா?" என்று அவர்கள் ஏழு பேரையும் கேட்டேன். கடைசியில் இருந்த ஒரு கிழவர் மட்டும், "என் மெயில் இன்னா ஊசியா போவும்" என்று முணுமுணுத்துவிட்டுச் சரி என்றார். நீ சிரித்தாய்.

அந்தக் கடையின் வாசனைகூட இப்போது மூக்கில் இருக்கிறது. சூடேறிய மானிட்டர், மசால் வடை, மழைக்காலத்தில் ஈரச் சட்டை. லைன் சேரும்போது போன் கத்தும் கத்தலைக் கேட்டு, தெருவில் போகிறவர்கள் "மெஷினுக்கு வலிக்குதா?" என்பார்கள். மைன்ஸ் மூடிய பிறகு வேலையில்லாத பிற்பகல்களில் ஆட்கள் சும்மா வந்து உட்காருவார்கள். மகனின் ரிசல்ட் நம்பரை நீ தட்டும்போது மொத்த பெஞ்சும் மூச்சைப் பிடித்துக்கொள்ளும். அந்த அறையில்தான் எனக்கு இன்டர்நெட் என்றால் என்ன என்று புரிந்தது. இப்போது வீட்டுக்கு வீடு ஒரு ஒயர், யார் யாருக்குப் பின்னால் நிற்கிறார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது.

புகாரைத் திரும்பப் பெறும் மனு ஒன்றை எழுதி வைத்திருக்கிறேன். இன்னும் அனுப்பவில்லை. நீ சரி என்று எழுதினால் அன்றே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். மாமாவுக்கு டாக்டரோடு பேசும் அந்தப் பதினைந்து நிமிஷம் வேண்டும்.

மாணிக்கம்

*

ராபர்ட்சன்பேட்டை
2 ஜூலை 2025

மாணிக்கம்,

மனுவைக் கொடுக்காதே.

உன் கடிதம் வந்த அன்று கொடுக்கச் சொல்லித்தான் எழுத உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் மேல்கம்பெனி பழைய பட்டியலை எழுதி அனுப்பச் சொன்னது. கம்ப்யூட்டரில் நம்பர் நம்பராகக் கிடந்ததை ஒரு நோட்டில் பேர் பேராக எழுதினேன். நாற்பத்து மூன்று வீடு. எழுதி முடித்து, மேலிருந்து கீழே ஒரு தடவை வாய்விட்டுப் படித்தேன். மாணிக்கம், அதில் நோயாளி வீடு ஐந்துதான். மிச்சம் முப்பத்தெட்டும் எனக்குத் தெரிந்தவர்கள். எங்கள் தெரு, என் சம்பந்தி வீடு, கேபிள் கம்பத்துக்கு இடம் விட்டவர்கள், கல்யாணத்தில் பார்த்தபோது கேட்டவர்கள்.

ரெபேக்கா யார் என்று உன் கடிதத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். கம்ப்ளைண்ட் நோட்டில் தேடினேன். மார்ச்சில் மூன்று தடவை போன் செய்திருக்கிறது அந்தப் பெண். "லைன் ஃபுல், மழை" என்று பதில் எழுதியிருக்கிறது, என் கையெழுத்தில். மார்ச்சில் இங்கே ஏது மழை?

இதோடு போயிருந்தால்கூட மனசைத் தேற்றிக்கொண்டிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை இங்கே கோரமண்டல் பகுதியில் ஒயர் மாற்றப் போனேன். பாப்பம்மா வீடு. வீட்டுக்காரர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் ஆக்சிஜன் சிலிண்டர். அவருக்கும் தூசி நுரையீரல். அதே வேலூர் டாக்டர், அதே வியாழக்கிழமை, கிளமெண்ட் மாமாவுக்கு அடுத்து ஏழரை மணி. இரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே வீடியோவை விட்டுவிட்டார்களாம், முகம் வருவதே இல்லை என்று. மாதத்துக்கு ஒரு தடவை சிலிண்டரோடு பஸ் ஏறி வேலூர் போய் வருகிறார்கள்.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "ஏன்மா, ஒரு வார்த்தை கேட்டிருந்தா லைன முன்னாடி வுட்டிருப்பேனே" என்றேன்.

பாப்பம்மா என்னைத் திட்டவில்லை. ஒயர்த் துண்டுகளைப் பெருக்கிக்கொண்டே சொன்னார். "கேக்கணும்னு எனக்கு எப்டிபா தெரியும்?"

அப்பாவைப் பற்றி உனக்குப் பெரிதாக எழுதினேன் இல்லையா. ஒன்றை விட்டுவிட்டேன். மணியடித்தவன் யார் என்று அப்பாவுக்குத் தெரியவே தெரியாது. கேஜ் மேலே வந்து கதவைத் திறந்தால்தான் முகம் தெரியும். எந்த மணிக்கு என்ன அர்த்தம் என்று ஒவ்வொரு லெவலிலும் போர்டு இருந்தது. நேற்று வேலைக்குச் சேர்ந்தவனும் மணிக் கயிற்றை இழுக்கலாம். நான் மட்டும் முகத்தைப் பார்த்துவிட்டு மணியைக் கேட்டிருக்கிறேன்.

9ஆம் தேதிக்குள் விளக்கம் போக வேண்டும். ஆப் பெட்டி, அவர்களோடு போட்ட ஒப்பந்தம், நாற்பத்து மூன்று பேர், எல்லாவற்றையும் அப்படியே கொடுக்கலாம் என்று இருக்கிறேன். கொடுத்தால் கிளை போனாலும் போகும் என்று மேல்கம்பெனி மானேஜர் சொல்கிறார். வீடுகளின் பட்டியலை விட்டுவிட்டு ஆப்பை மட்டும் சொல், ஃபைனோடு முடியும் என்கிறார். அறுபத்து நாலு வயதில் எனக்கு வேறு தொழில் தெரியாது.

எல்லாவற்றையும் கொடுத்தால் முதல் பேர் உன் அக்கா பேர். அதற்கு நீ என்ன சொல்கிறாய்?

வாசு

*

கம்மனஹள்ளி
5 ஜூலை 2025

வாசு,

சுருக்கமாக எழுதுகிறேன், தேதி நெருங்குகிறது.

முழுப் பட்டியலையும் கொடு என்று எழுத நேற்றே பேனாவை எடுத்தேன். எழுத முடியவில்லை. அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், நான் கொடுத்த புகார் உட்பட. பிறகு, "ஊர்ல இன்னா சொல்வாங்க மாணிக்கம்? சர்ச்சுல என் மூஞ்சியப் பாக்க மாட்டாங்களா? நாங்க இன்னா திருடினோமா?" என்றாள். போனை வைத்துவிட்டாள். அதன் பிறகு எடுக்கவில்லை.

பிறத்தியார் பேரை முப்பத்தொரு வருஷம் அச்சில் போட்டவன், சொந்த அக்கா பேருக்குத் தயங்குகிறேன். இதை நீ எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள். முடிவை அவளிடம் விடு. என்னால் அவளைக் கேட்க முடியாது. நீ கேட்டால் பதில் சொல்வாள்.

மாணிக்கம்

*

ராபர்ட்சன்பேட்டை
11 ஜூலை 2025

மாணிக்கம்,

7ஆம் தேதி பாலகாட் போனேன். அக்கா கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டார். மாமாதான் உட்காரச் சொன்னார். இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டு, அப்பா காலத்துக் கேஜ் கதைகளைப் பேசினார். எழுபத்தெட்டாம் வருஷம் தன்னையே காயத்தோடு மேலே ஏற்றியது என் அப்பாதான் என்றார். எனக்கு அது தெரியாது. அவருக்கும் அன்று அப்பாவைத் தெரியாதாம்.

அக்கா காபி கொண்டுவந்து வைத்தார். நோட்டை நீட்டினேன். முதல் வரியைப் பார்த்தார், மூடவில்லை, கடைசி வரை படித்தார். கவுன்சிலர் பேர் வந்த இடத்தில் "ஓஹோ" என்றார். என் சம்பந்தி பேர் வந்த இடத்தில் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, பாப்பம்மா வீட்டுக் கதையை நான் சொன்னதும் ஒன்றே ஒன்று கேட்டார். "அவருக்கும் வியாழக்கிழமதானா?"

ஆமாம் அக்கா, உங்களுக்கு அடுத்து என்றேன்.

"வீடியோவ வுடற வரைக்கும், நாங்க பேசி முடிச்சதும் அவங்க முகத்த இழுத்து இழுத்து பாத்துனு இருந்திருக்காங்க." நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். "எழுதிக்கோ வாசு. என் பேர மொதல்லயே எழுது. மாணிக்கத்துகிட்ட மட்டும் சொல்லு, அவன்கிட்ட நான் இன்னும் பேசல."

8ஆம் தேதி எல்லாவற்றையும் கொடுத்துவிட்டேன். கையெழுத்துப் போடும்போது மேல்கம்பெனி மானேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். கூடவே ஒரு கோரிக்கையும் வைத்தேன். டாக்டரிடம் பேசும் வழியை, எந்த வீட்டிலிருந்து போனாலும், யாரும் என்னிடம் கேட்காமலே முன்னால் விட அனுமதிக்க வேண்டும், அதன் விதியை ஊருக்குத் தெரிகிற மாதிரி ஆபீஸ் வாசலில் ஒட்டிவிடுகிறேன் என்று. சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறதா என்பதை நீ விசாரித்துச் சொல்.

கவுன்சிலர் வீட்டிலிருந்து தினம் போன் வருகிறது. சர்ச்சில் மட்டும் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

வாசு

*

கம்மனஹள்ளி
22 ஜூலை 2025

வாசு,

விசாரித்தேன். உறுதியானதை மட்டும் எழுதுகிறேன்.

விசாரணை ஆகஸ்ட் 6, புதன்கிழமை, காலை பதினொரு மணி. ஆதாரம், 18ஆம் தேதியிட்ட அழைப்பாணை, நேற்று வந்தது. நான் புகார்தாரராக வருவேன். வாக்குமூலத்தில் முதல் பத்தியிலேயே, பட்டியலின் முதல் வீடு என் அக்கா வீடு, அது எனக்குத் தெரியாமல் இருந்தது, தெரிந்திருந்தால் புகார் கொடுத்திருப்பேனா என்பதை என்னால் சத்தியம் செய்து சொல்ல முடியாது என்று எழுதியிருக்கிறேன். வக்கீல் கடைசி வாக்கியத்தை வெட்டச் சொன்னார். வெட்டவில்லை.

ஆப் கம்பெனி கூடுதல் அவகாசம் கேட்டிருக்கிறது. கொடுத்தார்களா என்று தெரியவில்லை. உன் கிளையைப் பற்றியும் இதுவரை எதுவும் முடிவாகவில்லை. உன் மானேஜர் சொல்வது அவர் பயம்; அதைச் செய்தியாக எடுத்துக்கொள்ளாதே.

உன் கோரிக்கையைப் பற்றி அலுவலகத்தில் ஒருவரைக் கேட்டேன். அவசர சேவைக்கு விதியில் விலக்கு உண்டு என்பதை ஒப்புக்கொண்டார். வாராவாரம் வீட்டிலிருந்து டாக்டரிடம் பேசுவது அவசரத்தில் சேருமா என்றதற்கு, "இதுவரை ஒருத்தரும் அப்படிக் கேட்டதில்லை சார்" என்றார். விசாரணை அதிகாரிதான் சொல்ல வேண்டும்.

ரெபேக்கா நேற்று பேசினாள். வகுப்பு இப்போது நிற்காமல் வருகிறதாம், கொஞ்சம் மங்கலாக. அவளுக்குத் தேர்வு செப்டம்பர் 13.

அக்கா சனிக்கிழமை என் போனை எடுத்தாள். என்னோடு பேசவில்லை, வாடகைக் கார் பிடிக்கிற வேலைதான் சொன்னாள். நாளை மறுநாள் வியாழக்கிழமை அவளும் மாமாவும் வேலூருக்கு நேரில் போகிறார்கள். காரில் பின் சீட்டில் பாப்பம்மாவுக்கும் வீட்டுக்காரருக்கும் இடம் சொல்லிவிட்டாளாம். சிலிண்டரை எங்கே வைப்பது என்று டிரைவரைக் கேட்டு எனக்குச் சொல் என்றாள். கேட்டுச் சொன்னேன். முன் சீட்டில், காலடியில்.

விசாரணை முடிந்து முப்பது நாளில் உத்தரவு வரும் என்கிறார்கள். அதுவரை அவர்கள் நான்கு பேரும் மாதம் ஒரு வியாழக்கிழமை அந்தக் காரில்தான் போக வேண்டும். அதன் பிறகு, யாரையும் தெரியாத ஒரு வீட்டிலிருந்தும் டாக்டர் முகம் நிற்காமல் தெரியுமா, தெரியாதா என்பது செப்டம்பர் 5க்குள் தெரிந்துவிடும்.

மாணிக்கம்